ஏழாவது படத்தில் கண் திறந்தவன்

வன்னிமடைக்கு அந்தச் சண்டை தபாலில்தான் வந்தது. அட்டைக்குழாய்க்குள் சுருட்டி, இரண்டு முனையும் மூடி, கவனமாகக் கையாளவும் என்று சிவப்பில் எழுதி வந்த அதைப் படக்கம்பெனி முதலாளி தனுஷ்கோடி தரையில் விரித்து மூலைக்கு ஒரு பெயிண்ட் டப்பாவை வைத்தபோது, சுற்றி நின்று பார்த்த எங்களுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை, ஏனென்றால் சண்டை எங்கள் ஊரில் காபித்தூள் மாதிரி, நம் வீட்டில் தீர்ந்திருந்தாலும் பக்கத்து வீட்டில் இருக்கும். அறுநூறு வருஷத்துக்கு முந்தி இத்தாலி தேசத்தில் யாரோ வரைந்த படத்தின் அச்சு என்றார் தனுஷ்கோடி. இரண்டு படைகள், வெள்ளையும் ரோஸும் நீலமுமாகக் கொழுத்த குதிரைகள், வானத்தை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்ற ஈட்டிகள், ஒடிந்து தரையில் கிடந்த ஈட்டிகள், சண்டைக்குப் பின்னால் பூவும் பழமுமாக அடர்ந்த ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவில் பாத்தி கட்டிய வயல்கள். வயலில் ஒரு ஆள் கிடையாது, எல்லோரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள் போல. கீழே இடது மூலையில் இரும்புச் சட்டை போட்ட ஒருவன் மட்டும் விழுந்து கிடந்தான், கால் நம் பக்கம், கன்னம் மண்ணில், கண் மூடி. அவ்வளவு பெரிய சண்டையில் செத்தது ஒரே ஒரு ஆள்தானா என்று எங்கள் பெண்கள் கேட்டார்கள்.

வெளிநாட்டில் ஏழு மாடி ஓட்டல் ஒன்று, மாடிக்கு ஒன்றாக ஏழு படம் கேட்டிருந்தது. ஒவ்வொன்றும் பத்தடி அகலம், முழுக்கக் கைவேலை, மூலப்படத்துக்கும் நகலுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது பேச்சு.

படக்கம்பெனியில் முப்பத்திரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். எல்லாம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிப் பழகிய விரல்கள். முழுப் படம் ஒன்றைத் தனியாக வரையச் சொன்னால் ஒருத்திக்கும் வராது, ஆனால் அவரவர்க்கு வந்தது ஒன்று உண்டு, அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருத்தி வானம் மட்டும் போடுவாள், ஒருத்தி இலை மட்டும், ஒருத்தி குதிரைக்கு உடம்பு, இன்னொருத்தி குதிரைக்கு வால். பந்தியில் இலைக்கு முன்னால் வாளி நகர்வது போல இங்கே வாளிகள் உட்கார்ந்திருக்க இலைதான் நகரும். துணி ஒவ்வொருத்தி முன்னாலும் நின்று தன் பங்கை வாங்கிக்கொண்டு கடைசியில் இரண்டு பேரிடம் வந்து சேரும். கடைசிக்கு முந்தியவள் ராமுத்தாய். அடிமட்டம் வைக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் நேர்கோடு போடுவாள், ஈட்டிகள் எல்லாம் அவளுடையவை. கடைசியாக உட்கார்ந்திருப்பவள் குருவம்மாள். அவளுக்கு வந்தது கண்.

இந்த இரண்டு பேரும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. எங்கள் ஊரை ஒரு ஓடை இரண்டாகப் பிரிக்கிறது, மேலத்தெரு, கீழத்தெரு. கண்மாய்த் தண்ணீர் முதலில் யார் மடை வழியாகப் போவது என்பதில் தகராறு. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாத வருஷங்களிலும் தகராறு மட்டும் கரை ததும்ப நின்றது. அப்படி ஒரு வறட்சி வருஷத்தில், வராத தண்ணீருக்காக நடந்த சண்டையில், மேலத்தெரு குருவம்மாளின் தம்பி சித்திரவேலைக் கீழத்தெரு அய்யாத்துரை வெட்டிக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போனான். அய்யாத்துரையின் பெண்டாட்டிதான் ராமுத்தாய். அதற்கு முன்னால் அவள் குருவம்மாளை மதினி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். தனுஷ்கோடி ஆட்களை மாற்றி உட்கார்த்திப் பார்த்தார், ஆனால் ஈட்டி காய்ந்த பிறகுதான் கண் போட முடியும் என்பதால் வேறு வழியில்லை. இருவருக்கும் நடுவில் டர்பன்டைன் டப்பா ஒன்று இருக்கும். தூரிகை வேண்டுமென்றால் டப்பாவில் வைத்துத் தள்ளுவார்கள், கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள்.

சித்திரவேல் செத்தபோது குருவம்மாளின் மகன் கொண்டல்சாமிக்கு ஒன்பது வயது. மாமன் தோளில் உட்கார்ந்து ஊரைச் சுற்றிய பிள்ளை. புருஷன் லாரியோடு வடக்கே போய் வருஷத்துக்கு இரண்டு தடவை தலைகாட்டுகிறவன் ஆனதால், சோறு ஊட்டுவதும் பழியை ஊட்டுவதும் குருவம்மாள் பொறுப்பாகவே இருந்தது. ஒரு வாய் சோறு, ஒரு வார்த்தை மாமன். தாய்மாமனுக்கு மருமகன்தானே செய்யணும் என்று ஊரும் தன் பங்குக்கு ஊட்டியது. இப்போது அவனுக்கு இருபது வயது, படக்கம்பெனியில் படங்களுக்கு மரப்பெட்டி அடிக்கிற வேலை. எதிர்த்துப் பேசாத பையன்; ஊர் அவனை எதற்காகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

ஏழாவது படம் குருவம்மாள் முன்னால் வந்து நின்ற அன்று காலையில் சேதி வந்தது. நன்னடத்தைக்காக அய்யாத்துரையை விடுகிறார்கள், இன்றிலிருந்து பத்தொன்பதாம் நாள் பதினொன்றரை மணி பஸ்ஸில் வருகிறான். சேதி சொன்னவன் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. முப்பது பெண்கள் தூரிகையைப் பிடித்தபடி இந்த இரண்டு பேரையும் பார்த்தார்கள், இந்த இரண்டு பேரும் படத்தைப் பார்த்தார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். இத்தாலிச் சண்டை வருவதற்கு முன்னால் கம்பெனியில் காலண்டருக்குச் சாமி படங்கள்தான் போட்டார்கள். சாமிக்குக் கண் போடுவது எல்லாம் முடிந்த பிறகுதான். அதற்குச் சூடம் கொளுத்தி, படத்துக்கு நேர் எதிரில் நிற்பவர்களை விலகச் சொல்லி, சாமியின் முதல் பார்வை விழ ஒரு கண்ணாடியைக் காட்டி, அப்புறம்தான் கருவிழி வைப்பார்கள். ஆறு சண்டைப் படங்களிலும் குருவம்மாள் அந்தச் செத்தவனுக்கு மூடிய இமையை ஒழுங்காகத்தான் போட்டிருந்தாள். ஏழாவதில் அவள் திடீரென்று எழுந்து, எதிரில் நின்றவர்களை விலகச் சொல்லி, சூடம் கொளுத்தி, கண்ணாடியைத் தூக்கிக் காட்டி, செத்துக் கிடந்தவனுக்கு இரண்டு கண்ணையும் திறந்து விட்டாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று பிற்பாடு ஊரே கேட்டது. சித்திரவேலைக் கண்மாய்க் கரையில் கிடத்தியிருந்தபோது அவன் கண் திறந்தே இருந்தது, அதை மூடிவிட்டது என் கைதான், மூடின கை இன்னொரு தடவை மூட மாட்டேன் என்றது, நான் என்ன செய்ய என்று சொன்னாள்.

அவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான், கையை ஊன்றினான், எழுந்து, படத்தின் கீழ்ச் சட்டத்தைத் தாண்டித் தரையில் இறங்கி நின்றான். ஒரு முழ உயரம். ராமுத்தாய் தன் முந்தானையை மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள், சாயம் ஒட்டிவிடக் கூடாதே என்று.

சாயம் ஒட்டத்தான் செய்தது. எண்ணெய்ச் சாயம் லேசில் காயாது, அவன் உடம்பு முழுக்க ஈரம், அதனால் அவன் சாய்ந்த சுவர், உட்கார்ந்த டீக்கடைப் பெஞ்சு, அவனைத் தூக்கிப் பார்த்த சட்டை மடிப்பு எல்லாவற்றிலும் இரும்புக் கலர் ஏறியது; பெண்கள் துவைத்துத் துவைத்துச் சலித்து, வீட்டுக்கு ஒரு பாட்டில் டர்பன்டைன் வாங்கி வாசலில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பசுமாடு அவன் தோளை நக்கிவிட்டு மூன்று நாள் சாம்பல் நாக்கோடு திரிந்தது, ஆனால் பாலில் குறைவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து பெயர் கேட்டு, அவன் தெரியவில்லை என்றதால், பெயர் தெரியாதவர், உயரம் ஒரு முழம், ஆயுதம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். நாங்கள் இரும்பன் என்று கூப்பிட்டோம். தையல்காரர் கைக்குட்டை ஒன்றை மூட்டி லுங்கி தைத்துக் கொடுத்தார், இரும்புக்கு மேலேயே கட்டிக்கொண்டான். சோறு வேண்டாம் என்றான், பெயிண்ட்டில் கலக்கிற ஆளிவிதை எண்ணெயில் காலை ஒரு மூடி, மாலை ஒரு மூடி குடித்தான். பேசியது எங்கள் பேச்சுதான். எங்கள் பெண்கள் போட்ட ஆள் வேறு எந்தப் பாஷையில் பேசுவான்.

எல்லாம் ஆன பிறகு எங்களுக்குத் தெரிந்த ஒரே கேள்வியை அவனிடம் கேட்டோம், நீ எந்தப் பக்கத்து ஆள் என்று. படம் நின்ற வாக்கில் மேற்கே கால் நீட்டி விழுந்திருந்தான், அதனால் மேலத்தெருவோடு சேர்ந்தவன் என்றார்கள் மேலத்தெருக்காரர்கள். தலை கிழக்கே இருந்தது, ஆளுக்குத் தலை முக்கியமா கால் முக்கியமா என்றார்கள் கீழத்தெருக்காரர்கள். கோயில் பொட்டலில் அவனை ஒரு முக்காலி மேல் நிறுத்திக் கூட்டம் கூடியது. அவன் நிதானமாகச் சொன்னான், அது கூலிச் சண்டை, போன வருஷம் அந்தப் பக்கம், இந்த வருஷம் இந்தப் பக்கம், விழுகிறபோது எந்தப் பக்கம் என்பது ஞாபகத்தில் இல்லை. இதைக் கேட்டு இரண்டு தெரு ஆண்களுக்கும் முகம் சுண்டிப் போனது, பெண்கள் மட்டும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், தீப்பெட்டி ஆபீஸ் மாறிப் படக்கம்பெனிக்கு வந்தவர்களுக்கு அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

ஆனால் அவனால் ஓரிடத்தில் நிலைத்து உட்கார முடியவில்லை. குருவம்மாள் அவசரத்தில் இமைக்கு இடம் விடாமல் கண்ணைப் போட்டிருந்தாள், அதனால் அவனுக்கு இமையே இல்லை. சிமிட்டாமல், மூடாமல், வெயிலையும் தூசியையும் எங்களையும் நேராகப் பார்த்துக்கொண்டு, ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டங்கு டங்கு என்று நடந்துகொண்டே இருந்தான், எதிரில் வருகிற எல்லோரையும் நிறுத்திச் சண்டை எப்படிப் போகுது என்று கேட்டான். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் பதில் சொல்வது. அவன் நடக்க ஆரம்பித்ததிலிருந்து ஊரில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சவரம் பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு, ஊற்றிய டீயைக் குடிக்காமல் ரோட்டைப் பார்த்து நின்றவர்கள் உண்டு, அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக அலைந்த பெண்கள் உண்டு. நாள் எண்ணுகிறோம் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பதினாறு, பதினைந்து, பதினாலு என்று அது தானாக எண்ணிக்கொண்டு போனது.

ஒவ்வொரு நாள் மத்தியானமும் அவன் கம்பெனிக்கு வந்து அந்த டர்பன்டைன் டப்பாவின் பக்கத்தில், இரண்டு பெண்களுக்கும் நடுவில் நிற்பான். ராமுத்தாயைப் பார்த்து, "தாயி, சண்டைக்குப் போக எனக்கு ஒரு ஈட்டி போட்டுக் குடு" என்பான். குருவம்மாள் பக்கம் திரும்பி, "இல்லாட்டி நீ என் கண்ணை மூடி விடு தாயி. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க" என்பான்.

ராமுத்தாய் ஒரு நாள் மட்டும் பதில் சொன்னாள், அதுவும் அவனைப் பார்க்காமல். "நான் போடுற ஈட்டியெல்லாம் இந்த ஊரை விட்டுப் போயிரும்னுதான் போடுறேன். இங்கன இருக்கிற கைக்கு ஒண்ணும் போட மாட்டேன்."

குருவம்மாள் மூன்று தடவை முயன்றாள். தோல் நிறம் குழைத்து, மெல்லிய தூரிகையில் தொட்டு, அவன் கண்ணருகே கொண்டுபோவாள். அவன் முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்பான், சவரத்துக்கு உட்கார்ந்தவன் மாதிரி. மூன்று தடவையும் அவள் தூரிகையைத் திருப்பிக்கொண்டாள், சாயம் தரையில் சொட்டியது. படத்தில் செத்தவன் கிடந்த இடம் வெள்ளையாக, ஆள் வடிவில் காலியாக இருந்தது. இவன் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடினால்தான் படம் முடியும், முடிந்தால்தான் பெட்டி ஏறும் என்று தனுஷ்கோடி தினமும் நாலு தடவை வந்து கெஞ்சினார்.

பத்து நாள் மிச்சம் இருக்கையில் இரும்பன் மரப்பெட்டிக் கொட்டகைப் பக்கம் போனான். கொண்டல்சாமி மாமனின் வீச்சரிவாளை எடுத்துக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனைப் பார்த்த தோரணையில் இரும்பன் பக்கத்தில் நின்றான்.

"வேலை எத்தனை நாளைக்குப் பேச்சு?" என்று கேட்டான்.

"ஒரு நாளைக்குத்தான்."

"அப்புறம்?"

கொண்டல் அரிவாளைத் திருப்பி மறுபக்கம் தீட்டினான். அவன் யோசித்துப் பார்த்ததில் அந்த நாள் வரைக்கும் எல்லாம் தெரிந்தது, எங்கே நிற்பது, எந்தக் கை, பஸ் எந்தப் பக்கம் திரும்பி நிற்கும், ஊர் எப்படி ஒதுங்கி வழி விடும். அதற்கு அப்புறம் என்று ஒன்றை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இரும்பனும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, சண்டை எப்படிப் போகுது என்று கேட்டுவிட்டு நடந்தான். இதை அவன் வந்து குருவம்மாளிடம் ஒரு புகார் போலச் சொன்னான், உன் மகனுக்கு ஒரு நாள் வேலைதான் இருக்காம் தாயி, அதுக்கு அப்புறம் சும்மாதானாம் என்று. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு வருஷமாக ஊட்டியதில் இதை ஒரு வாய் கூட அவள் நினைத்துப் பார்த்ததில்லை என்பது அவளுக்கே பயமாக இருந்தது.

வெயில் ஏற ஏற இரும்பன் காய ஆரம்பித்தான். முதலில் பாதம் விறைத்தது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. பதினேழாம் நாள் அவனால் நடக்க முடியவில்லை, டீக்கடைப் பெஞ்சில் நிறுத்தி வைத்தோம், அங்கிருந்தே போகிறவர்கள் வருகிறவர்களைக் கேட்டான். பதினெட்டாம் நாள் குரல் மட்டும் ஈரமாக இருந்தது. முழுக்கக் காய்ந்துவிட்டால் அவன் இப்படியே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, சண்டைக்கும் போகாமல் சாகவும் செய்யாமல் எங்கள் ஊரில் நிற்பான் என்பது எல்லோருக்கும் விளங்கியது. நாளைக்குப் பஸ் வரும். ஊர் முழுக்க அதைத்தான் மென்றுகொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை எட்டு மணிக்குக் குருவம்மாள் டீக்கடைக்குப் போய் இரும்பனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சேலையில் துளிக் கறை ஒட்டாமல் கம்பெனிக்கு வந்தாள். ராமுத்தாய் வேலைக்கு வந்திருந்தாள். புருஷன் வருகிற நாளில் வீட்டில் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. குருவம்மாள் அவனை டப்பா பக்கத்தில் நிறுத்தினாள், டப்பாவைக் காலால் ஒதுக்கினாள், பதினோரு வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"ஏத்தா ராமுத்தாயி. ஒரு மம்பட்டி போட்டுக் குடு."

முப்பது தூரிகைகளும் நின்றன. ராமுத்தாய் அவளைப் பார்த்தாள், இரும்பனைப் பார்த்தாள், படத்தில் மேலே, வேலிக்கு அந்தப் பக்கம், ஆளில்லாமல் கிடந்த வயலைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் ஒரு பிடிக்கம்பு போட்டாள், எத்தனை நூறு ஈட்டி போட்டாளோ அத்தனையிலும் இல்லாத நேராக, அந்த வயலில், நெல்மணி நீளத்துக்கு, அதன் முனையில் ஒரு தகடு.

பிறகு இருவரும் சேர்ந்து அவனைப் படத்தின் மலைச்சரிவில் தூக்கி வைத்தார்கள். தூரத்தில் இருப்பவன் சின்னதாகத்தானே தெரிவான், அதனால் மேலே போகப் போக அவன் சுருங்கி, ஒரு சாணாகி, ஒரு விரலாகி, கடைசியில் நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிதாக நின்றான். ராமுத்தாய் டர்பன்டைனில் துணியை நனைத்து இரும்பைத் துடைத்தாள். அடியில் ஒன்றுமில்லை, வெறும் துணி வெள்ளை, இரும்புக்குள் உடம்பு வேண்டும் என்று யாரும் அவனுக்குப் போட்டிருக்கவில்லை.

"என்ன நிறம் மதினி?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

குருவம்மாள் சாயத்தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு மூலப்படத்தில் எங்கும் இல்லாத ஒரு நிறத்தைக் குழைத்தாள், நல்ல கறுப்பு, வெயிலில் நின்ற கறுப்பு, சித்திரவேலின் நிறம். அதில் உடம்பு போட்டு, கைக்குட்டை லுங்கியை மடித்துக் கட்டி, சண்டைக்கு முதுகைக் காட்டித் திருப்பி நிறுத்தி, கையில் மம்பட்டியைக் கொடுத்தாள். அவ்வளவு தூரத்தில் முதுகைத் திருப்பி நிற்பவனுக்குக் கண் போட வேண்டிய அவசியமே வரவில்லை. அவன் இனிமேல் தூங்கலாம், வேலை பார்க்கலாம், அது அவன் பாடு. கீழே மூலையில் ஆள் கிடந்த வெள்ளைக்குப் புல் போடுகிறவள் வந்து புல் போட்டுவிட்டுப் போனாள்.

மணி பதினொன்றேகால். குருவம்மாள் எழுந்தாள், ராமுத்தாயும் எழுந்தாள். கையில் ஈரச் சாயத்தோடு இருவரும் ஓடைப் பாலத்தைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தை நோக்கிச் சேர்ந்து நடந்து வந்ததை ரோட்டின் இரண்டு பக்கமும் ஏற்கெனவே கூடி நின்ற நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முழ உயரத்தில் ஒரு ஆள் படத்திலிருந்து இறங்கியபோது வராத திகைப்பு அப்போது எங்களுக்கு வந்தது.

கொண்டல்சாமி புளியமரத்தடியில் நின்றான். சட்டைக்குப் பின்னால் அரிவாள் இருந்தது எல்லோருக்கும் தெரியும். பஸ் வளைவில் திரும்பும் ஓசை கேட்டது. குருவம்மாள் நேராகப் போய் அவனுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நின்றாள்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காகம்மா" என்றான்.

"பாக்கட்டும். எய்யா, உங்க மாமன் கண்ணை நாந்தான் மூடுனேன். உன் கண்ணை மூட எனக்குக் கை கிடையாது. உன்னை இதுக்குன்னு வளத்தது நாந்தான், வேற ஒருத்தரும் இல்ல. அது தப்பு. இன்னைக்கு நாந்தான் சொல்றேன், வேண்டாம்."

"அப்புறம்?" என்று கேட்டான் கொண்டல். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

"அப்புறம் பெட்டி அடி. ஏழாவது படம் முடிஞ்சிருச்சு."

பஸ் நின்றது. அய்யாத்துரை மஞ்சள் பையோடு இறங்கினான், தலை நரைத்து, இரண்டு தெருவையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். ராமுத்தாய் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள், அவன் பின்னால் போனான், பையில் அவள் விரல்களின் சாயம் ஒட்டியிருந்தது. குருவம்மாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவனை மன்னித்துவிட்டாளா என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை, மன்னிக்கவில்லை, அவளிடமே கேட்டுப் பாருங்கள், வாசலோடு திருப்பி அனுப்புவாள். ஊருக்கு அன்று பெரிய ஏமாற்றம். பதினோரு வருஷம் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது லேசான காரியமில்லை, பல பேருக்கு ஒரு வாரம் வரைக்கும் கோபம் ஆறவில்லை.

மறுநாள் கொண்டல் ஏழாவது படத்துக்குப் பெட்டி அடித்தான். படத்தை இறக்குவதற்கு முன்னால், அடிப்பலகையில் சாக்கு விரித்து, மாமனின் அரிவாளை அதில் சுற்றி வைத்து, மேலே படத்தை வைத்து, நாலு பக்கமும் ஆணி அடித்தான். ஏன் என்று கேட்டதற்கு, ஊரை விட்டுப் போகட்டும்னுதான் என்றான். கப்பல் ஏறிய பிறகுதான் தனுஷ்கோடிக்கு இது தெரிய வந்தது. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். படத்தில் இல்லாத ஆள் ஒருவன், படத்தில் இருந்த பிணம் ஒன்று குறைவு, அதோடு பெட்டிக்குள் வெட்டரிவாள். இனி ஒரு ஆர்டர் வராது என்றார். குருவம்மாளுக்கு ஆர்டரைப் பற்றிக் கவலையில்லை, ஆனால் அந்த அரிவாள் யார் கையில் போய்ச் சேர்ந்ததோ என்ற நினைப்பு அவளை விடவில்லை. சாயம் குழைக்கையில் குழைத்துக்கொண்டே இருப்பாள், நிறுத்த மறந்துபோவாள்.

கார்த்திகையில் ஓட்டலிலிருந்து ஒரு உறை வந்தது. நன்றி தெரிவித்து நாலு வரி, மாட்டிய சுவரோடு ஏழு போட்டோ. மாற்றத்தை அங்கே யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, அரிவாள் என்ற பேச்சே அதில் இல்லை. தனுஷ்கோடி கையெடுத்துக் கும்பிட்டார். குருவம்மாள் காலண்டர் அச்சைச் சோதிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஏழாவது போட்டோவின் மேல் குனிந்தாள். பக்கத்தில் ராமுத்தாய். நடுவில் டப்பா இல்லை என்றாலும் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை, தேவைக்கு ஒன்றிரண்டு வார்த்தைதான்.

பூவும் பழமுமாக அடர்ந்திருந்த வேலியில், சரியாக மலைக்கு நேரே, ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி வெட்டியிருந்தது. வெட்டுவாய் சுத்தமாக, அரிவாளை ஓங்கி இறக்கியது மாதிரி இருந்தது. சண்டைக்களத்தில் இரண்டு குதிரைகள் ஆளில்லாமல் நின்றன. மலைச்சரிவில் மூன்று பேர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கறுப்பு, லுங்கியை மடித்துக் கட்டியவன், கையில் மம்பட்டி. மற்ற இருவரும் இரும்புச் சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, மம்பட்டி கிடைக்காததால், ஈட்டியைத் தலைகீழாகப் பிடித்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

"கம்பு நான் போட்டது" என்றாள் ராமுத்தாய். "வளையாது."

குருவம்மாள் கண்ணாடியை நகர்த்தி, களத்தில் இன்னும் குதிரை மேல் இருந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணினாள், சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினாள். பிறகு வேலியில் இருந்த வழியைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்துவிட்டு, கொட்டகையில் பெட்டி அடித்துக்கொண்டிருந்த மகனுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இன்னுங் கொஞ்சம் அகலமா வெட்டியிருக்கலாம்யா. குதிரையும் வரணும்ல."

கொண்டல்சாமி வாயில் வைத்திருந்த ஆணியில் ஒன்றை எடுத்து அடுத்த பலகைக்கு வைத்தான்.